வாகனம் வராத மெயின் வீதியில் வியாபாரம் நடக்குமா?

கேள்வி: ஐயா, கொழும்பு புறக்கோட்டை மெயின் வீதியில் அப்பா காலத்துப் புடவைக் கடையை நடத்துகிறேன். இந்த வீதியை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் மட்டும் விட வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாகனம் வராவிட்டால் சனம் எப்படி வரும்?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, ஒரு சனிக்கிழமை கடை வாசலில் நின்று பாருங்கள். வருகிறவர்களில் அநேகம் பேர் கோட்டை ரயில் நிலையத்திலோ பஸ் நிலையத்திலோ இறங்கி நடந்து வருகிறவர்கள்தான். கொப்பன்ஹேகனில் ஸ்ட்ரோயட் என்ற பழைய கடைத்தெருவை 1962இல் வாகனங்களுக்கு மூடியபோது அங்குள்ள வியாபாரிகளும் உங்களைப் போலவே பயந்தார்கள். பரீட்சார்த்தமாகத் தொடங்கியது 1964இல் நிரந்தரமானது. இன்றும் அது கடைகள் நிறைந்த தெரு.

எனக்குக் கவலையெல்லாம் சாமானைப் பற்றித்தான். புறக்கோட்டையைச் சுமப்பவர்கள் நாட்டாமைமார், அதாவது கைவண்டியில் மூட்டை ஏற்றி இழுக்கும் தொழிலாளிகள். புடவைப் பொதிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தோள் கொடுத்துத் தள்ளுவார். நடைபாதை விளிம்பு நாலு விரல் உயர்ந்திருந்தாலும் கைவண்டி அங்கேயே நின்றுவிடும். பழைமை தெரியட்டும் என்று கரடுமுரடாகக் கருங்கல் பதித்தார்களோ, ஒவ்வொரு இடுக்கிலும் சில்லு இடறும். அந்த அடி முழுவதும் இழுப்பவரின் இடுப்பில்தான் இறங்கும். ஆகவே தரை ஒரே மட்டமாக, வழவழப்பின்றிச் சீராக இருக்க வேண்டும். மழைக்கு வழுக்கவும் கூடாது. கான் மூடிகளின் துளைகள் சில்லு விழாதபடி குறுக்கே இருக்க வேண்டும். லொறிகள் கடை திறக்குமுன் வந்து இறக்கிவிட்டுப் போகட்டும்.

சைக்கிள் விஷயத்தில் நான் நண்பர்களோடு உடன்படவில்லை. ஸ்ட்ரோயட்டிலேயே பகலில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். மெயின் வீதி நெரிசலில் பிள்ளையைக் கையில் பிடித்துவரும் தாய்க்குப் பின்னால் மணியடிப்பது நியாயமில்லை. ஓட்டுவதற்கு ஒல்கொட் மாவத்தையில் தனிப்பாதை கேட்போம். மெயின் வீதியின் இரு முனையிலும் நிறுத்த இடம் கேட்போம்.

அப்புறம் இரண்டாம் குறுக்குத் தெரு. 1909இல் கட்டி முடித்த சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை அண்ணாந்து பார்க்க இப்போது லொறிக்கு ஒதுங்க வேண்டியிருக்கிறது. அங்கும் இதே ஏற்பாடு வரத்தான் வேண்டும்.

பக்கத்துக் கடைக்காரர்களோடு பேசுங்கள், தம்பி. முதலில் லொறி நேரத்தை உங்களுக்குள் முடிவு செய்யுங்கள். அந்தக் கூட்டத்துக்கு நாட்டாமைமாரில் இரண்டு பேரையாவது அழையுங்கள். வண்டி எந்த இடத்தில் சிக்குகிறது என்று வரைபடத்தில் அவர்களே காட்டட்டும்.