எதிரி குணம் மாறினால்

அன்புள்ள ஐயா,

நான் உசிலம்பட்டிக்காரன். அப்பாவுக்குக் கோழித் தீவன வியாபாரம். 2010 நவம்பரில் புனேயின் வெங்கீஸ் நிறுவனம் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணியை வாங்கியபோது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் கடையில் அந்த நிறுவனத்தின் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. "நம் கோழிக் கம்பெனி கால்பந்து அணி வாங்கியிருக்கிறதாம்" என்று அப்பா செய்தித்தாளைக் காட்டினார். அன்று முதல் நான் ரோவர்ஸ் ரசிகன். அதன்பின் பட்ட துன்பத்தை எழுத இங்கே இடம் போதாது.

என் கேள்வி எங்கள் பரம வைரியான பர்ன்லி அணியைப் பற்றியது. ஷான் டைச் பயிற்சியாளராக இருந்த காலத்தில் பர்ன்லி என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். உயரமான ஆட்கள், தூக்கி அடிப்பார்கள், முட்டி மோதுவார்கள். 2022இல் வின்சென்ட் கொம்பனி வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. கோல்கீப்பரே தன் கோலுக்கு முன்னால் நின்று அரையடிக்குப் பாஸ் போடுகிறார். பின்னால் நால்வர் பந்தை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். இது ஸ்பெயினிலிருந்து வாங்கி வந்து ஒட்டவைத்த மீசை என்கிறேன் நான். மதுரையில் என்னுடன் கல்லூரியில் படித்த நண்பன் இதுதான் நவீனக் கால்பந்து, நீதான் பழைய பஞ்சாங்கம் என்கிறான். பந்தை வைத்துக்கொண்டே இருப்பது ஆட்டமாகுமா ஐயா?

க.,
உசிலம்பட்டி

அன்புள்ள க.,

ஜெர்சியின் நிறத்துக்காக அணி சேர்ந்தவர்களைத் தெரியும். வீரரின் தலைமுடிக்காகச் சேர்ந்தவர்களையும் தெரியும். கோழித் தீவனத்தின் வழியாக வந்த ரசிகரை இப்போதுதான் சந்திக்கிறேன். நீங்கள் எழுதாமல் விட்ட துன்பங்களில் ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. 2012 மே 7ஆம் தேதி விகன் அணியிடம் தோற்று ரோவர்ஸ் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. அன்று ஒரு ரசிகர் அணியின் கொடியைப் போர்த்திய கோழியொன்றைக் களத்துக்குள் விட்டார். உரிமையாளர்களுக்கு அவர் எழுதிய கடிதம் அது. உங்கள் அப்பா அதைப் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஒட்டவைத்த மீசை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. பந்தைக் கைமாற்றி ஆடும் ஆட்டத்தை இங்கிலாந்துக்குள் கொண்டுவந்ததில் உங்கள் பிளாக்பர்ன் பக்கத்து ஊர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் உலகின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டத்தை ஆடின. ஆங்கிலேய வீரர்கள் எடையில் கூடியவர்கள். பந்தைக் காலோடு ஒட்டித் தனியாளாக முட்டிக்கொண்டு போவதுதான் அவர்கள் அறிந்த கலை. ஸ்காட்டியர்கள் அத்தனை பேரும் குயின்ஸ் பார்க் என்ற ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள். மோதினால் நொறுங்கிவிடுவோம் என்று தெரிந்து, பந்தை ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டு ஆடினார்கள். ஆட்டம் கோலின்றி முடிந்தது. மெலிந்தவன் பலசாலியிடம் அடி வாங்காமல் தப்பக் கண்டுபிடித்த வழி அது.

ஆறு ஆண்டுகள் கழித்து ஃபெர்கஸ் சூட்டர் என்ற கல்தச்சர் கிளாஸ்கோ பக்கமிருந்து டார்வனுக்கு வந்தார். டார்வன் பிளாக்பர்னை அடுத்த மில் ஊர். இங்கிலாந்தின் கல் மிகக் கடினமாக இருக்கிறது என்று சொல்லிக் கல்வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கால்பந்து ஆடினாராம். கல் கடினமோ இல்லையோ, கால்பந்துக்குக் கூலி வாங்குவது அன்றைக்கு ஏற்கப்படாத காரியம். ஏதாவது ஒரு காரணம் சொல்லத்தானே வேண்டும்? 1880இல் அவர் உங்கள் ரோவர்ஸுக்கு மாறினார். 1883இல் பிளாக்பர்னின் இன்னொரு அணியான ஒலிம்பிக், மேட்டுக்குடியினரின் ஈட்டன் பள்ளிப் பழைய மாணவர்களை 2-1 என்று வீழ்த்தி இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வடக்கே கொண்டுபோனது. வெற்றி கோலை அடித்தவர் பஞ்சாலையில் நூற்பு வேலை செய்தவர். கனவான்கள் தனியாளாக ஓட, தொழிலாளிகள் பந்தைக் களத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி அவர்களை மூச்சிரைக்க வைத்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளும் கோப்பை உங்கள் ரோவர்ஸுக்கு. ஆகவே இப்போது பர்ன்லி ஒட்டிக்கொண்டிருப்பது ஸ்பெயின் மீசை என்றால், அந்த மயிர் முதலில் முளைத்தது உங்கள் வீட்டு முகத்தில்தான்.

அந்த டார்வனைப் பற்றி இன்னொன்று. 1921 செப்டம்பரில் நம் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி மேலாடையை விட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினார். பத்தாண்டு கழித்து, 1931 செப்டம்பரில், அதே உடையில் டார்வனுக்குப் போய்த் தங்கி, அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை இழந்த மில் தொழிலாளர்களைச் சந்தித்தார். ஆலைப் பெண்கள் அவரைச் சுற்றி நின்று ஆரவாரம் செய்யும் புகைப்படம் புகழ்பெற்றது. என் தகப்பனார் மதுரையில் மில் வேலை பார்த்தவர். மதுரையில் மில் நிறுவிய ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்களின் பெயரை நம் ஊர் ஹார்விபட்டி இன்னும் தாங்கி நிற்கிறது. லங்காஷயரின் இரண்டு பஞ்சாலை ஊர்கள் அடித்துக்கொள்வதை மதுரைப் பக்கத்துக்காரர்கள் தங்கள் சண்டையாக எடுத்துக்கொள்வதில் எனக்கு வியப்பில்லை. இவ்வளவுக்கும் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் உள்ள தூரம்கூடக் கிடையாது.

இனி உங்கள் கேள்வி.

எங்கள் இளமையில் வைகை ஆற்றுக்குள் ஆடுவோம். தண்ணீர் வராத மாதங்களில் அதுதான் எங்களுக்கு மைதானம். மணலில் பந்தைத் தரையோடு தள்ளினால் இரண்டு கஜம் போய் நின்றுவிடும். ஆகவே தூக்கி அடிப்போம், எல்லோரும் பின்னால் ஓடுவோம். அக்கரையிலிருந்து வரும் அணியும் அப்படியேதான் ஆடும். அவர்களில் யார் முழங்கையால் இடிப்பான், யார் விழுந்து நடிப்பான் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஒரு கோடையில் அவர்கள் தெருவுக்கு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்து சேர்ந்தார். பையன்களை ஆற்றிலிருந்து கூட்டிக்கொண்டு போய் ஒரு கட்டாந்தரையில் மூன்று கற்களை முக்கோணமாக வைத்து, கல்லுக்குக் கல் பந்தைத் தட்டச் சொன்னார். மாதக்கணக்கில் அதுதான் பயிற்சி. நாங்கள் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்துச் சிரித்தோம். அந்த ஆண்டு ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு நல்ல தரையில் அவர்களைச் சந்தித்தபோது நாங்கள் நான்கு கோல் வாங்கினோம். பந்து எங்கள் காலில் பட்ட தருணங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். திரும்பி வரும் வழியில் எங்கள் கேப்டன் அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இவன்கள் நம்மோடு ஆடவே இல்லையடா. அவன்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டு போய்விட்டான்கள்."

தோற்றதைவிட அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. முழங்கையால் இடிப்பவனுக்குப் பதில் முழங்கை வைத்திருந்தோம். அவன் இடிக்கவே வரவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்தபோது அந்தப் பழைய எரிச்சலின் வாடை அடித்தது. டைச்சின் பர்ன்லியை நீங்கள் திட்டுகிறீர்கள் என்று முதலில் நினைத்தேன். இரண்டாம் முறை வாசித்தபோதுதான் அவர்களுக்காக ஏங்குகிறீர்கள் என்று புரிந்தது.

கோல்கீப்பர் ஏன் நெருப்போடு விளையாடுகிறார் என்பதற்கு உசிலம்பட்டிக்காரருக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வாடிவாசலிலிருந்து பாய்ந்து வந்து ஒரே ஓட்டமாகக் கூட்டத்தைக் கிழித்துப் போகும் மாடு ஒரு வகை. டைச் ஆட்டம் அது. வெளியே வந்து நின்று, காலால் மண்ணைக் கிளறி, பிடிக்க வருபவனைக் கண்ணால் அளந்துகொண்டிருக்கும் மாடு இன்னொரு வகை. நின்று விளையாடும் மாட்டுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? அது நிற்பது ஆளை வரவழைக்க. கோல்கீப்பர் காலடியில் பந்தை வைத்துக்கொண்டு நிற்பதும் அதற்குத்தான். இரண்டு பேர் பறிக்க ஓடி வந்தால் அவர்கள் விட்டுவந்த இடம் காலியாகிறது. அந்தக் காலியிடத்துக்குப் பந்து போனால் முன்னே மைதானம் திறந்து கிடக்கும். யாரும் வராவிட்டால் மாடு அங்கேயே நிற்கும். நீங்கள் கொட்டாவி விடும் நேரம் அதுதான்.

விதிகளும் இதற்குத் துணை. 1992 முதல் தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டித் தந்த பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. காலைப் பழக்கித்தான் ஆக வேண்டும். 2019 முதல் கோலுக்கு முன்னாலிருந்து அடிக்கும் கோல் கிக் பெனால்டி எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்பவருக்கே தட்டலாம். அந்த அரையடிப் பாஸுக்கு வழி திறந்தது இப்படித்தான்.

உங்கள் கடிதத்தில் ஒரு தேதி இல்லை. 2023 ஏப்ரல் 25. பர்ன்லி உங்கள் ஈவுட் பார்க்குக்கே வந்து, மானுவல் பென்சனின் ஒரே கோலில் வென்று, பிரீமியர் லீக்குக்கு அடுத்த நிலையான சாம்பியன்ஷிப் பட்டத்தை உங்கள் கண்ணெதிரே உறுதிசெய்துகொண்ட நாள். அந்தப் பருவத்தில் அவர்களுக்கு 101 புள்ளிகள், 46 ஆட்டங்களில் மூன்றே தோல்விகள். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு முந்தைய நவம்பரில் அவர்கள் மைதானமான டர்ஃப் மூரில் 3-0 என்று வாங்கினீர்களே, அதில் இரண்டு கோல்களை அடித்தவர் ஆஷ்லி பார்ன்ஸ். டைச்சின் முட்டல் மோதல் காலத்து ஆள்! வேஷம் என்றால் பழைய நடிகரை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்?

சரி, உங்கள் நண்பனும் ரொம்பத் துள்ள வேண்டாம். பந்து யாரிடம் அதிக நேரம் இருந்தது என்பது ஒரு கணக்கு, அவ்வளவே. 2022 உலகக் கோப்பையில் ஜப்பான் 17.7 சதவீத நேரமே பந்தை வைத்திருந்து ஸ்பெயினை 2-1 என்று வென்றது. அடுத்த சுற்றில் அதே ஸ்பெயின் மொராக்கோவுக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேல் பாஸ் போட்டு, ஒரு கோலும் அடிக்காமல், பெனால்டியில் தோற்று வீடு திரும்பியது. பர்ன்லியின் கதையும் மேலே போனதும் திரும்பிவிட்டது. பிரீமியர் லீக்கில் வந்து பறிப்பவர்கள் வேகமானவர்கள், பறித்தபின் தவறவிடாதவர்கள். கொம்பனி அசையவில்லை. 2024 ஏப்ரலில் கோல்கீப்பர் முரிச் அடித்த பந்து எவர்டன் வீரர் மேல் பட்டு வலைக்குள் போனது. அடுத்த வாரம் பிரைட்டனுக்கு எதிராக, தன் ஆள் தந்த சாதாரணப் பாஸ் அவர் பாதத்துக்கடியில் நழுவிக் கோலானது. பருவ முடிவில் 24 புள்ளிகள், 19ஆம் இடம். கொம்பனி செய்தது பிடிவாதம் என்பதே என் எண்ணம். ஆனால் அந்த 24 புள்ளிப் பயிற்சியாளரைத்தான் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அழைத்துக்கொண்டது, அவரும் அடுத்த ஆண்டே பட்டம் வென்றார். என் எண்ணத்தின் மதிப்பு தெரிந்துவிட்டதல்லவா?

அவருக்குப் பின் வந்த ஸ்காட் பார்க்கர் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. 2024-25இல் பர்ன்லி 46 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் மொத்தமே 16. நூறு புள்ளிகளோடு மேலே போனார்கள். பந்து எதிரியிடம் இல்லையென்றால் அவன் எதை வைத்துக் கோல் அடிப்பான்? பந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்ட ஆட்டம் அது. நின்று விளையாடும் மாடல்ல. நின்றுகொண்டே இருக்கும் மாடு. நான் இரண்டு முறை உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன்.

கடைசியாக, உங்களைக் கொஞ்சம் சீண்டாமல் விட மனமில்லை. கொம்பனி பர்ன்லிக்கு வந்த அதே 2022 ஜூனில் ரோவர்ஸுக்கு வந்தவர் ஜான் டால் டொமாசன். அவரும் பந்தைத் தரையில் வைத்து, பின்னாலிருந்து கட்டி எழுப்பி ஆடச் சொன்னவர்தான். அந்தப் பருவத்தில் சண்டர்லாண்டுக்கும் உங்களுக்கும் சமமாக 69 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் நீங்கள் ஏழாம் இடம், மேலே போகக் கடைசி வாய்ப்பான பிளே-ஆஃப் போயிற்று. அந்த ஆண்டு உங்கள் கோல்கீப்பர் போட்ட அரையடிப் பாஸ்களைப் பார்த்தும் இதே கேள்வியைக் கேட்டீர்களா?

அந்தக் காலண்டர்களை அப்பா பத்திரப்படுத்தும் பழக்கமுள்ளவரென்றால், 2012ஆம் ஆண்டுக்கானது இருக்கிறதா என்று பாருங்கள். மே மாதத் தாள் மட்டும் எனக்கு வேண்டும்.