எடை குறைந்த பிறகு பசி கூடுவது ஏன்?

எட்டு மாதத்தில் 11 கிலோ குறைத்த பிறகு முன்பைவிட அகோரப் பசி, இரைப்பை விரிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரைப்பை மேல் பழி போடாதீர்கள். சாப்பிடும்போது விரியும், காலியானதும் சுருங்கும், அவ்வளவுதான். குறைவாகச் சாப்பிட்டு வந்தால் அதன் கொள்ளளவு குறையத்தான் செய்யும்.

விஷயம் ஹார்மோனில் இருக்கிறது. இரைப்பையின் மேற்பகுதியில் அதிகம் சுரப்பது, பசியைத் தூண்டும் கிரெலின். 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டுக்கு முன் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். கொழுப்பிலிருந்து வரும் லெப்டினோ, "கையிருப்பு இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்லும். எடை இறங்கினால் கிரெலின் கூடி, லெப்டின் குறையும். உடம்பைப் பொறுத்தவரை வந்திருப்பது பஞ்ச காலம்! 2011இல் வெளியான மெல்பர்ன் ஆய்வு ஒன்றில், 10 வாரக் கடும் டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் இந்த மாற்றம் தொடர்ந்தது. அதனால் 'எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை' என்று நொந்துகொள்ள வேண்டாம்.

நைட் ஷிப்ட் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் பட்டது அதுதான். சிகாகோவில் 2004இல் வெளியான ஆய்வில், இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுத்த இளைஞர்களுக்கு கிரெலின் 28 சதவீதம் கூடியது, லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. முதலில் பகல் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். அப்புறம் ஷிப்டில் டீ, பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டலோ அவித்த முட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். புரதம் பசியைக் கூடுதல் நேரம் தாங்கும்.

தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்திருந்தால் மட்டும் தாமதிக்காமல் சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள்.