மூடிக் கிடக்கும் சுரங்கத்தில் 8 லட்சம் போடலாமா?

கேள்வி: என் கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசராக இருந்து, போன வருடம் 61 வயதில் ஓய்வு பெற்றார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 14 லட்சம் கையில் இருக்கிறது. என் தம்பி வேலூர் ஓட்டல் ஒன்றில் நடந்த கூட்டத்துக்குப் போய்வந்தான். கனடாவில் 1980களில் மூடிய ஒரு வெள்ளி, மாலிப்டினம் சுரங்கம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறதாம். 8 லட்சம் போட்டால் மாதம் 16 ஆயிரம் வருமாம், மூன்று வருடத்தில் மூன்று மடங்கு ஆகுமாம். முன்பணமாக 50 ஆயிரம் கட்டிவிட்டோம். மீதியைக் கட்டலாமா? வேண்டாம் என்றால் தம்பி மனம் நோகும். – ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். காரணத்தை விவரமாகவே சொல்கிறேன், தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

முதலில் அந்த 16 ஆயிரம். சுரங்கம் மூடிக் கிடக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். அங்கிருந்து ஒரு கூடை கல்கூட வெளியே வரவில்லை. அப்படியானால் அடுத்த மாதமே உங்களுக்குத் தரப்போகும் பணம் எங்கிருந்து வரும்? உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர் கட்டும் பணம்தான் அது. நிஜமான சுரங்கக் கம்பெனி எதுவும், தாது தேடும் கட்டத்தில் யாருக்கும் மாத வருமானம் தராது. துளை போடவும் ஆய்வுக்கூடத்துக்கும் செலவழித்துக்கொண்டே இருக்கும்.

சரி, சுரங்கம் நிஜமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தம்பி சொல்வது முழுக்கக் கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்சால்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1919லேயே வெள்ளி எடுத்தார்கள். பிறகு மாலிப்டினம் என்ற உலோகத்துக்காக ஒரு பெரிய கம்பெனி வந்து வீடு, ஆஸ்பத்திரி, கடைவீதி என்று புது ஊரையே கட்டியது. 1981ல் சுரங்கத்தை ஓட்டத் தொடங்கினார்கள். மாலிப்டினம் விலை சரிந்ததும் 1982ல் மூடிவிட்டார்கள், குடிவந்த சனம் மொத்தமும் கிளம்பிப் போனது. தாது இன்றும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அது கிடப்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. எடுக்கிற செலவுக்கு விலை கட்டவில்லை, அதனால் விட்டுப் போனார்கள்.

என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். நம் வட ஆற்காட்டிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம், உங்கள் சொந்தத்திலும் ஒருவராவது இருப்பார். 2001ல் அந்தச் சுரங்கத்தை மூடியபோது அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "தங்கம் தீரலடா, கீழ போற செலவுதான் ஏறிப்போச்சு." மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்த் தோண்டிய இடம் அது. உள்ளே தங்கம் இருந்தும் கட்டுப்படியாகவில்லை.

மாலிப்டினம் என்றதும் பயந்துவிடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் போடும் கறுப்பு மாலி கிரீஸில் இருப்பது அதன் கந்தகச் சேர்மம்தான். ராணிப்பேட்டைப் பக்கம் பாய்லர் வேலை செய்யும் வெல்டர்களுக்கு குரோம்-மாலி ஸ்டீல் நன்றாகத் தெரியும். இரும்புக்கு உறுதி கொடுக்கிற, துரு அரிப்பைத் தடுக்கிற நல்ல உலோகம். ஆனால் நல்ல தாது என்று சொல்லப்படுவதிலேயே நூற்றில் 0.1 பங்கு அளவுதான் இருக்கும். ஒரு டன் பாறையை உடைத்து, மாவாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்தால் ஒரு கிலோ தேறும். உலகத்தில் கிடைக்கும் மாலிப்டினத்தில் பெரும்பங்கு, செம்புச் சுரங்கங்களில் செம்போடு கூட வருவது. வெள்ளியும் அப்படித்தான், ஈயம், துத்தநாகம், செம்பு எடுக்கும்போது கூடக் கிடைப்பதே அதிகம். ராஜஸ்தானில் கிடைக்கும் நம் நாட்டு வெள்ளியும் ஈய-துத்தநாகத் தாதிலிருந்து வருவதுதான். செம்புக்காகத் தோண்டுகிறவருக்கு மாலிப்டினம் உபரி வரவு. அதற்காக மட்டுமே தோண்டுகிறவர் முழுச் செலவையும் அதன் தலையில்தான் ஏற்ற வேண்டும். விலை விழுந்தால் இவர்தான் முதலில் கடையைச் சாத்துவார். அந்த விலை எப்படி விழும் தெரியுமா? 2008ல் ஒரு பவுண்டு எடைக்கு 30 டாலருக்கு மேல் விற்றது, சில வாரங்களில் 10 டாலர் பக்கம் வந்து நின்றது.

பழைய சுரங்கம் என்றால் பழைய கழிவும் கூடவே வரும். ராணிப்பேட்டையில் மூடிய ஆலை ஒன்று விட்டுப்போன குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன பாடுபடுத்தியது என்று நமக்குத் தெரியும். கைவிட்ட சுரங்கத்தை வாங்குகிறவர் அந்தக் கழிவுக்கும் பதில் சொல்ல வேண்டிவரலாம்.

இனி காகிதம். பிரீ-எக்ஸ் என்ற கனடா கம்பெனி, இந்தோனேசியக் காட்டில் பெரும் தங்கம் கிடைத்ததாகச் சொல்லி, பாறை மாதிரிகளில் தங்கத்தூளைக் கலந்து காட்டியது. 1997ல் குட்டு வெளிப்பட்டபோது பல நூறு கோடி டாலர் போனது. அதற்குப் பிறகுதான் 2001ல் கனடாவில் என்.ஐ. 43-101 என்ற விதி வந்தது. பங்குச் சந்தையில் இருக்கும் சுரங்கக் கம்பெனி, தன் தாதுக் கணக்கை அந்த விதிப்படியே வெளியிட வேண்டும். முக்கியமான கணக்குகளுக்குத் தகுதியுள்ள நிபுணர் கையெழுத்திட்ட அறிக்கை இருக்க வேண்டும். அது பொதுவில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும். தம்பி அந்த அறிக்கையைக் கேட்கட்டும். 1980களில் யாரோ போட்ட பழைய கணக்கை மட்டும் காட்டினால், அந்த விதியின்படி அது இன்றைய இருப்பு ஆகாது. இன்னொன்றும் கேட்கட்டும்: பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது? வெளிநாட்டுப் பங்கு வாங்க, நம் வங்கி வழியாக ரிசர்வ் வங்கி விதிப்படி அனுப்ப வேண்டும். வேலூரில் ஒருவர் கையில் ரொக்கமாகக் கொடுத்தால் கனடாவில் உங்கள் பெயரில் ஒரு பங்கும் ஏறாது.

கணவர் 60 தாண்டியவர் என்பதால் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். 12 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய் வரும். மீதியைக் கைச்செலவுக்கு வங்கியில் வையுங்கள். வெள்ளி மேல் ஆசை இருந்தால் செபி அனுமதித்த வெள்ளி ஈ.டி.எஃப். (வெள்ளியில் முதலீடு செய்யும், பங்குபோல வாங்கி விற்கும் நிதி) இருக்கிறது, அதில் போனாலும் பரவாயில்லை என்கிற தொகையை மட்டும் போடுங்கள். விலை ஏறும், இறங்கும், ஆனால் பின்னால் வெள்ளி இருக்கும்.

தம்பி விஷயம். அவரைக் குற்றவாளிபோல நிறுத்த வேண்டாம். அக்கா குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்றுதான் ஓடிவந்திருக்கிறார். "அந்த அறிக்கையைக் கொண்டு வாப்பா, மாமா படிச்சுட்டுச் சொல்றாரு" என்று மட்டும் சொல்லுங்கள். தன் பணத்தையும் போட்டிருக்கிறாரா என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டும் இருக்கலாம்.

அந்த 50 ஆயிரத்துக்கு ரசீது, கட்டிய ஸ்கிரீன்ஷாட், கூட்டத்தில் கொடுத்த நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். திருப்பித் தரச் சொல்லி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸில் புகார் கொடுங்கள். நம் மாநிலத்தில் 1997லிருந்தே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குவதைத் தடுக்க 2019ல் மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் வேலூர் எஸ்.பி. அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், கூட்டத்தில் பேசியது யார், என்ன சொன்னார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.