கம்போடியா போயிட்டு வந்த தங்கச்சி, உங்க கேள்விகளுக்கு பதில் சொல்றாங்க

போன மாச இதழ்ல நான் கம்போடியாவுக்கு ரெண்டு வாரம் ஊழியப் பயணம் போனதப் பத்தி அரைப் பக்கம் எழுதியிருந்தேன், அதுக்கு நிறைய பேர் கேள்வி அனுப்பியிருக்கீங்கன்னு சொல்லி என்னையே பதில் எழுதச் சொன்னாங்க. படிக்காதவங்களுக்காக ஒரு வரி: நான் பாளையங்கோட்டைக்காரி, நர்சிங் மூணாம் வருஷம், மே மாச லீவுல எட்டு பேரா சேந்து கம்போங் ச்னாங்ங்கற ஊர் பக்கம் போயிட்டு வந்தோம், அது தலைநகர் நாம் பென்ல இருந்து 90 கிலோமீட்டர் போல இருக்கும்.

வீட்ல எப்படிம்மா விட்டாங்க? செலவுக்கு என்ன பண்ணுன? - நாசரேத் வாசகி

அம்மா ஒரு வாரம் பேசலங்க பெரியம்மா. அப்புறம் அவங்களே துணி மடிச்சு வச்சாங்க. ஆளுக்கு 60 ஆயிரம் பக்கத்துல ஆச்சு, பாதி அப்பா கொடுத்தாங்க, மீதி எங்க கோயில் ஸ்தோத்திர பண்டிகை ஏலத்துல வந்தது, ஜனங்க காணிக்கையா கொண்டு வர்ற பொருள ஏலம் விடுவாங்க. ஒரு முருங்கைக்காய்க் கட்ட ஒரு மாமா 900 ரூபாய்க்கு எடுத்து, எடுத்த கையோட திரும்பவும் கோயிலுக்கே கொடுத்துட்டாங்க, அதையே மறுபடி ஏலம் விட்டாங்க. அப்படி வந்த காசுல போனதுனால அங்க ஒவ்வொரு நாளும் இத ஒழுங்கா செலவு பண்றோமான்னு நெஞ்சுக்குள்ள ஒரு பயம் இருந்துட்டே இருந்துச்சு, அந்தப் பயம் நல்லதுதான்னு இப்பவும் நினைக்கறேன்.

புத்த மதத்துக்காரங்க ஊர்ல வீடு வீடா போய் சுவிசேஷம் சொன்னீங்களா? எதிர்ப்பு இருந்துச்சா? - வாசகர், மார்த்தாண்டம்

வீடு வீடா போகல அண்ணா. அப்படிப் போய் பிரச்சாரம் பண்ணக்கூடாதுன்னு அங்க அரசு உத்தரவே இருக்கு, முதல் நாளே அந்த ஊர் பாஸ்டர் எங்கள உக்கார வச்சு சொல்லிட்டாங்க. நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல புத்த மதம், ஆனா எதிர்ப்புன்னு எதுவும் நாங்க பாக்கல, கைகூப்பிக் கும்பிட்டா அவங்களும் கும்பிடுவாங்க, செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள போகணும், பிள்ளைகள் தலையத் தொடக்கூடாது, அவ்வளவுதான். சபைன்னு பாத்தா ஒரு வீட்டுக்குக் கீழதான். அங்க வீடெல்லாம் உயரமான தூண் மேல நிக்கும், மழைக்காலத்துல மெக்கோங் ஆறு நிறைஞ்சு தோன்லே சாப் ஏரிக்குள்ள தண்ணிய திருப்பித் தள்ளும், அப்ப ஊர் வரைக்கும் தண்ணி வந்துரும். நாங்க போனப்ப தரை காஞ்சு கிடந்துச்சு, தூணுக்கு நடுவுல தூளி கட்டிப் படுத்திருப்பாங்க, ஞாயித்துக்கிழமை அத அவுத்துட்டுப் பாய் விரிச்சா அதுதான் கோயில்.

மெடிக்கல் கேம்ப் பெரிய ஆசீர்வாதமா இருந்திருக்குமே, அதப் பத்தி கொஞ்சம் எழுதக்கூடாதா? - வாசகி, தூத்துக்குடி

எழுதறேன் அக்கா, அது நீங்க நினைக்கற மாதிரி ஆசீர்வாதமா இல்லாததுதான் போன தடவ எழுதாம விட்டதுக்குக் காரணமே. மூணு நாள்ல 200 பேருக்கு மேல பாத்தோம், ஒரு டாக்டர், நாங்க நாலு நர்சிங் பிள்ளைங்க, எங்களுக்கு ஒரே சந்தோஷம். ரெண்டாவது நாள் ஒரு பாட்டி வந்தாங்க, அங்க பாட்டிய யெய்னு கூப்பிடுவாங்க, பிரஷர் பாத்தா 190/110. ரெண்டு தடவ பாத்தேன், அதேதான். டாக்டர் அம்லோடிபின்ங்கற பிரஷர் மாத்திரை பத்து கொடுத்தாங்க, நான் எப்படிப் போடணும்னு பொறுமையா சொல்லி அனுப்பிட்டேன். மறுநாள் காலைல யெய் திரும்பி வந்து, மொழிபெயர்க்கற பிள்ளை மூலமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, இந்த பத்தும் தீர்ந்தா பதினோராவது எங்க கிடைக்கும்னு. எனக்கு பதில் தெரியலக்கா. அத யோசிச்சே பாக்கலங்கறது அப்பதான் தெரிஞ்சுச்சு.

நாலு கிலோமீட்டர்ல ஒரு அரசு சுகாதார நிலையம் இருந்திருக்கு, நாங்களும் கேக்கல, எங்கள அனுப்புனவங்களும் சொல்லல. அங்க இருந்து ஒரு நர்ஸ் மூணாவது நாள் வந்தாங்க. சண்டை போடல, மெதுவாத்தான் சொன்னாங்க, ஒவ்வொரு வருஷமும் ஒரு டீம் வருது, ஒவ்வொரு டீமும் ஒவ்வொரு மாத்திரை கொடுக்குது, ஜனங்க எங்ககிட்ட வர்றத விட்டுட்டு அடுத்த டீம் எப்ப வரும்னு காத்துட்டு இருக்காங்கன்னு. அன்னிக்கு ராத்திரி என்னால சாப்பிட முடியல. மறுநாள்ல இருந்து கேம்ப நிறுத்திட்டு, பாத்த எல்லாரோட பேரையும் அளவையும் அந்த நர்ஸ் கூட உக்காந்து அவங்க நோட்டுல எழுதிக் கொடுத்தோம், சுகர், பிரஷர் உள்ளவங்கள ஒவ்வொருத்தரா அந்த நிலையத்துக்கே கூட்டிட்டுப் போனோம். நான் செஞ்சதுல உருப்படியானது அந்த நாலு நாள்தான்.

யெய் பத்தி இன்னொன்னு சொல்லணும். எனக்கு வயித்துக்கு ஒத்துக்காம போனப்ப அவங்கதான் போபோர் காய்ச்சிக் கொடுத்தாங்க, நம்ம கஞ்சிதான், கருவாடு பக்கத்துல வச்சு. கரண்டி நிக்கற அளவுக்குக் கெட்டியா இருந்துச்சு, கொஞ்சம் தண்ணி விடலாமேன்னு நான் சைகை காட்டுனேன், வேகமா தலைய ஆட்டிட்டாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, 1975ல இருந்து 1979 வரைக்கும் கெமர் ரூஜ்ங்கற கம்யூனிஸ்ட் கூட்டத்தோட ஆட்சில பொதுச் சமையல்ல ஒரு பெரிய சட்டித் தண்ணிக்கு ஒரு கைப்பிடி அரிசி போட்டு ஊத்துவாங்களாம், அவங்க ரெண்டு தம்பியும் அந்தப் பசிலயே போயிட்டாங்க. அந்த வருஷங்கள்ல பசியாலயும் கொலையாலயும் செத்தவங்க 15 லட்சத்துக்கும் மேல. கோயில்கள இடிச்சாங்க, நாம் பென் கத்தீட்ரல தரைமட்டமாக்குனாங்க, புத்த பிக்குகளையும் விடல. யெய் அதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் கஞ்சில தண்ணி கூட்டி ஊத்தறதே இல்லையாம். இவங்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் நான் மூணு நாள் ட்ரெயினிங் எடுத்துட்டுப் போயிருந்தேன்.

மொழி தெரியாம எப்படி சமாளிச்ச? - பத்தாம் வகுப்பு மாணவி, சாயர்புரம்

எண்ணுறதக் கத்துக்கிட்டேன் தங்கம். முய், பி, பெய், பூன், ப்ராம், அஞ்சு வரைக்கும்தான் தனித்தனி பேரு, ஆறுக்கு ப்ராம்-முய், அதாவது அஞ்சு-ஒண்ணு. மாத்திரைக் கணக்கு சொல்ல அது போதும். அவங்க மொழி கெமர், அதோட எழுத்து நம்ம பல்லவர் கால எழுத்துல இருந்து பொறந்தது, டீச்சர க்ரூன்னு சொல்றது நம்ம குருதான். பாஸ்டருக்கு அவங்க சொல்ற வார்த்தைலயும் அந்த க்ரூ இருக்கு, கூடவே மேய்ப்பன்ங்கற அர்த்தமும் இருக்கு. ஏப்ரல் நடுவுலதான் அவங்களுக்கும் வருஷப் பிறப்பு!

எங்க வாலிபர் குழு அடுத்த வருஷம் அங்க போறோம். அனாதை இல்லத்துல ஒரு நாள் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) வைக்கலாம்னு இருக்கோம், பிள்ளைகளுக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்? - வாசகர், கோயம்புத்தூர்

அண்ணா, தயவுசெஞ்சு அத விட்டுருங்க. கம்போடியால இல்லங்கள்ல இருக்கற பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்க, வறுமைனாலயும் படிப்புக்காகவும்தான் விட்டிருக்காங்க, யுனிசெஃப் இதப் பல வருஷமா சொல்லிட்டு இருக்கு. வெளிநாட்டு ஆளுங்க வந்து பாக்கப் பாக்க புதுசு புதுசா இல்லம் முளைச்சதும் உண்மை. ஒரு நாள் தூக்கிக் கொஞ்சிட்டு போட்டோ எடுத்துட்டு வந்துருவோம், அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வேற யார்கிட்டயாவது அதே மாதிரி ஓடும். அந்தப் பணத்த ஒரு குடும்பம் பிள்ளைய வீட்லயே வச்சுப் படிக்க வைக்க உதவற மாதிரி அங்க உள்ள சபைகிட்ட கேட்டுச் செய்யுங்க.

மறுபடி போவியா? - நிறைய பேர்

கூப்பிட்டா போவேன். கூப்பிட்டாங்கன்னா மட்டும். நம்ம வெள்ளாளன்விளையில பொறந்து பின்னால பிஷப்பான அசரியா, 1910ல எடின்பரோல நடந்த உலக மிஷனரி மாநாட்டுல வெள்ளக்கார மிஷனரிகளப் பாத்து, பொருளக் கொடுத்தீங்க, உயிரையும் கொடுத்தீங்க, எங்களுக்கு நண்பர்களத் தாங்கன்னு கேட்டாங்க. அத சின்ன வயசுல இருந்து சண்டே ஸ்கூல்ல கேட்டு வளந்தவ நான், ஆனா அத யெய் எங்ககிட்ட கேக்கற இடத்துல இருக்காங்கன்னு அங்க போய்த்தான் உறைச்சுச்சு.

பிரஷர் மெஷின அந்த மொழிபெயர்த்த பிள்ளைகிட்டயே விட்டுட்டு வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அவ யெய்க்குப் பாத்து எனக்கு மெசேஜ் போடுவா, மாத்திரை இப்ப அந்த நர்ஸ்கிட்டதான் வாங்கறாங்க. போன வாரம் 148/90.