மரம் அறுத்தவரும் மசோதா 382-உம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

வட கரோலினாவில் ஆஷ்வில் நகரத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டது. வீட்டுப் பாதையில் விழுந்து கிடந்த மரங்களை அறுத்து வழி பண்ணிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். மலைச்சரிவில் மண் வெட்டி வீட்டுக்குத் தளம் சமன் செய்யும் வேலை அவருக்கு. வாசலில் டிரம்ப் பலகை. நாங்கள் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். குழாயில் குடிக்கிற தண்ணீர் வர நவம்பர் 18 ஆகிவிட்டது. அதுவரை கழிவறைக்கு ஓடைத் தண்ணீர் சுமந்தோம். குடிப்பதற்கு அவர் ஜெனரேட்டர் போட்டுத் தன் கிணற்றிலிருந்து கொடுத்தார். அவருடைய சர்ச்சில் சாப்பாடு வாங்கும்போது ஜெபம் செய்தார்கள், அதில் நின்றிருக்க வேண்டுமா என்று மனைவிக்கு இன்னும் உறுத்தல்.

2025 ஏப்ரலில், சீரமைப்புச் செலவு முழுவதையும் மேலும் ஆறு மாதம் ஏற்க முடியாது என்று மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமா சொன்னபோது, 'இவர்கள்தானே ஓட்டுப் போட்டார்கள், அனுபவிக்கட்டும்' என்று மனதில் வந்துவிட்டது. வெட்கமாகப் போயிற்று. இப்போது அரசியலே வேண்டாம், மனிதர்கள் போதும் என்று தோன்றுகிறது. இது சரியா? மக்கள் தங்களுக்குள் உதவிக்கொள்வதைப் பற்றிப் படிக்க ஏதாவது சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஜெபத்தில் நின்றது ஒரு தப்பும் இல்லை, பசிக்குச் சோறு போட்டவர்கள் கும்பிடும்போது கூட நிற்பது மரியாதை. உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். படிக்கப் புத்தகம் இப்போது வேண்டாம், ஏன் என்று கடைசியில் தெரியும்.

'அனுபவிக்கட்டும்' என்ற நினைப்பு வந்ததற்கு உங்களைத் திட்டப்போவதில்லை, நீங்களே வெட்கப்பட்டுவிட்டீர்கள். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஸ்வானனோவா ஆற்றங்கரையில் டிரெய்லர் வீட்டோடு போனவர்களில் எத்தனை பேர் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஓட்டே இல்லாத குழந்தைகள், தங்கள் பெயரில் ஃபீமாவுக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாத, குடியேற்ற ஆவணம் இல்லாத தொழிலாளிகள், டிரம்ப் ஜெயித்த மலை மாவட்டங்களிலேயே ஹாரிஸுக்குப் போட்ட ஆயிரக்கணக்கான பேர், இவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் அந்த ஒரு வார்த்தை தண்டிக்கிறது. முற்போக்கு என்று சொல்லிக்கொள்கிறவர்கள் வாயில் அது வரக்கூடாது.

எனக்குக் கோபம் வந்தது அதற்கு அடுத்த வரியில். அரசியலே வேண்டாம், மனிதர்கள் போதும் என்கிறீர்களே, அங்கேதான்.

உங்கள் கடிதம் வந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு வந்திருந்தது. விற்பவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் படிவத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இருப்பது ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டி பக்கம், பார்க்கர் நீர்த்தேக்கத்தின் பின்புறம். 1940களில் ஹூஸ்டன் நகரத்தைக் காப்பாற்றக் கட்டிய அணை அது. தண்ணீர் தேங்குவதற்கான நிலத்தில் ஒரு பங்கை அரசு வாங்காமலே விட்டது, பிற்பாடு அங்கே மனை போட்டு விற்றார்கள். மாவட்ட வரைபடத்தின் மூலையில், இந்த இடம் ராணுவப் பொறியாளர்களின் கட்டுப்பாட்டில் நீரில் மூழ்கக்கூடும் என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. வீடு வாங்குகிற யார் கண்ணிலும் அது பட்டதில்லை, நம்மவர்கள் உட்பட. பள்ளிக்கூடம் நல்லது, கோயில் பக்கம் என்று கேட்டு வாங்கினோம். 2017 ஆகஸ்டில் ஹார்வி வந்தது. மழை நின்று வானம் வெளுத்த பிறகும் நீர்த்தேக்கத் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து வீட்டுக்குள் புகுந்தது.

படகோடு வந்தவர்கள் எங்களுக்கும் இருந்தார்கள் தம்பி. பிக்கப் வண்டியும் பெரிய கொடியுமாகத் திரிகிற ஆள், என் மாமியாரைக் குழந்தை மாதிரி தூக்கிப் படகில் உட்கார வைத்தார். ஈரச் சுவரை இடித்து எறிய முன்பின் தெரியாதவர்கள் வந்தார்கள். ஒரு மாதம் எங்கள் தெரு சொர்க்கம் மாதிரி இருந்தது. அந்தச் சொர்க்கத்தை நானும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தப் படகுக்காரர் எத்தனை நல்லவராக இருந்தாலும் அந்தப் பொடி எழுத்தை அவரால் மாற்ற முடியாது. அதற்கு வேறு வேலை வேண்டியிருந்தது. அவரும் நானும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதினோம். எழுதியவர்கள் நிறைய. 2019இல், குடியரசுக் கட்சி கையில் இருக்கிற டெக்சஸ் சட்டமன்றமே, வீட்டுக்குள் முன்பு வெள்ளம் வந்ததா, வீடு நீர்த்தேக்கத்தின் வெள்ளப் பரப்பில் இருக்கிறதா என்று விற்பவர் எழுதித் தர வேண்டும் எனச் சட்டம் போட்டது. அதே டிசம்பரில், பின்புற வீடுகள் மூழ்கியதற்கு மத்திய அரசு பொறுப்பு என்று ஒரு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நான் போன வாரம் கையில் வைத்திருந்த படிவம் அப்படி வந்தது. நாளைக்கு அந்த வீட்டை வாங்கப்போகிற பெண்ணுக்கு எங்கள் தெருவின் பாசம் எதுவும் தெரிந்திருக்காது, அந்தப் படிவம் மட்டும் அவள் கைக்குப் போய்ச் சேரும்.

அவர் என்னோடு வேறு எதிலும் ஒத்துப்போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது உங்கள் மலைக்கு வருகிறேன். நீங்கள் சேறு அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் மாநிலத் தலைநகரம் ராலேயில் என்ன நடந்தது? பேரிடர் நிவாரணம் என்று பெயர் வைத்து செனட் மசோதா 382 வந்தது. நிவாரண நிதிக் கணக்கில் 227 மில்லியன் டாலரைப் போட்டார்கள், அதைச் செலவழிக்க இன்னொரு சட்டம் வேண்டும் என்ற நிலையில். மீதிப் பக்கங்களில், புதிதாக ஜெயித்த ஆளுநரிடமிருந்து தேர்தல் வாரியத்தை நியமிக்கும் அதிகாரத்தைப் பிடுங்கி மாநிலத் தணிக்கையாளருக்குக் கொடுத்தார்கள். பதவியில் இருந்த ஆளுநர் ராய் கூப்பர் தடுத்தார். டிசம்பர் 11 அன்று சட்டமன்றத்தின் கீழவையில் 72க்கு 46 என்ற ஓட்டில் அவர் தடையை உடைத்தார்கள். மேற்கு மலைப்பகுதியின் மூன்று குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் முதலில் அந்த மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள். கடைசி நாளில் மாற்றிப் போட்டார்கள். அந்த மூவரும் அசையாமல் நின்றிருந்தால் மசோதா விழுந்திருக்கும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் போல ஐம்பது பேர் அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, என் பெயரைச் சொல்லி இதைச் செய்யாதே என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன். அரசியல் வேண்டாம் என்று நீங்கள் ஒதுங்கினால் அரசியல் ஒதுங்கிக்கொள்வதில்லை, உங்கள் சேற்றின் பெயரிலேயே நடக்கும்.

இதைவிட எனக்கு வலிப்பது சரிவு விஷயம். 2004இல் ஐவன் புயலில் மேகான் மாவட்டத்தின் பீக்ஸ் கிரீக்கில் மலை சரிந்து 5 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு எந்தச் சரிவு ஆபத்தானது என்று மாநிலப் புவியியலாளர்கள் வரைபடம் போட ஆரம்பித்தார்கள். 2011இல் சட்டமன்றம் அந்த வேலையை நிறுத்தியது, மறுபடி தொடங்கியது 2018இல்தான். 2023இல் வீடு கட்டும் விதிகளை 2031 வரை புதுப்பிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள், அதையும் கூப்பர் தடுத்தார், அதையும் உடைத்தார்கள். ஹெலீனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. உங்களுக்குப் பக்கத்தில் ஃபேர்வியூவில் ஒரே உறவுக் குடும்பத்தில் 11 பேர் போனார்கள். வரைபடம் இருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, அந்த மழை அப்படி. ஆனால் எங்கே வீடு கட்டக்கூடாது என்று தெரிந்துகொள்வதை ஏழு வருடம் ஒரு அரசு வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தது. பதினொரு பேருக்கு மண் தள்ளிய கைகளும் கஞ்சி ஊற்றிய கைகளும் நல்ல கைகள்தான், அந்த ஏழு வருடத்துக்கு யார் பதில் சொல்வது?

உங்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். முற்போக்கான ஊர் என்று ஆஷ்வில்லுக்குப் பெயர். 2004 வெள்ளத்தில், ஊருக்குக் குடிநீர் தரும் நார்த் ஃபோர்க் நீர்த்தேக்கத்தின் குழாய்கள் போன பிறகு ஒரு மாற்றுக் குழாயை 25 அடி ஆழத்தில் புதைத்தார்கள். அதையும் ஹெலீன் அடித்துக்கொண்டு போனது. அடுத்தது எங்கே, எவ்வளவு ஆழத்தில், யார் காசில் என்று நகர மன்றத்தில் பேசும்போது அந்த அறையில் எத்தனை பேர் இருப்பார்கள்? வாசலில் அழகான வாசகங்கள் எழுதிய பலகை வைப்பவர்கள் அங்கே வந்து உட்கார்ந்தால் நல்லது. அலுப்பான கூட்டம்தான், மூன்று மணி நேரம் இழுக்கும்.

அந்தப் பெரியவரோடு நட்பை விட்டுவிடாதீர்கள். டிரம்ப்பைப் பற்றி வாதம் செய்து அவரை ஜெயிக்கவும் பார்க்காதீர்கள், வீண் வேலை. வாழ்நாள் முழுக்க சரிவில் மண் வெட்டியவர் அவர். எந்த மண் நிற்கும், எந்த மண் வழுக்கும், எந்த ஒப்பந்தக்காரர் தடுப்புச் சுவரில் காசு மிச்சம் பிடித்தார் என்று உங்களையும் என்னையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். விதிகளை 2031 வரை பூட்டி வைத்திருப்பது அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த கவுண்டி கூட்டத்தில் அவரையே பேசச் சொல்லுங்கள். உங்களுக்கு நான் தரும் புத்தகம் இப்போதைக்கு அவர்தான்.

அன்புடன்,
அக்கா