கர்னல் மேல் பழி, குற்றம் கார்டில்

கேள்வி: பட்டுப்புழு வளர்ப்பு மனையில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையை வைத்து வெப்பநிலையும் ஈரப்பதமும் பதிந்து வருகிறேன். இரண்டு ஆண்டுக் கணக்கு அதில் இருக்கிறது. அதை இயக்கும் லினக்ஸின் மைய நிரலான கர்னலைப் புதுப்பித்தால் அழிந்துவிடுமா? (பாலக்கோடு)

பதில்: புதுப்பிப்பு உங்கள் கணக்கைத் தொடாது. கணினியைத் தொடங்கும் பூட் பகுதியில் உள்ள கர்னல், அதற்குரிய துணை நிரல்களான மாட்யூல்கள் போன்ற மென்பொருள்தான் மாறும். ஆனால் எல்லாம் ஒரே எஸ்டி கார்டில் இருக்கின்றன. எழுதும்போது மின்சாரம் போனால் கார்டே திறக்காமல் போகலாம். ஆகவே முதலில் நகல். பதிவை நிறுத்திவிட்டு, யூஎஸ்பி ரீடரில் இன்னொரு கார்டைச் செருகி, மெனுவில் உள்ள ‘எஸ்டி கார்டு காப்பியர்’ மூலம் முழுவதையும் நகலெடுங்கள். நகல் கார்டைப் போட்டு இயக்கிப் பாருங்கள். இயக்கிப் பார்க்காததை நான் நகலாக எண்ணுவதில்லை. அந்த நகலிலேயே புதுப்பியுங்கள். பழைய கார்டை உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு’ என்ற கட்டளை போதும். ‘ஆர்பிஐ-அப்டேட்’ என்ற கட்டளை சோதனை நிலைக் கர்னலைக் கொண்டுவரும். புழு இருக்கும் மனையில் அது வேண்டாம்.

கேள்வி: பழைய போன் சார்ஜர் போதாதா? (காரிமங்கலம்)

பதில்: போதாது. பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர். பை 5-க்கு 5 ஆம்பியர். திரையில் மின்னல் குறி தெரிந்தால் புதுப்பிப்பைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: 128 ஜிபி கார்டு 200 ரூபாய்க்குக் கிடைத்தது. புதுப்பித்ததும் பை இயங்கவில்லை. கர்னலில் கோளாறா? கடைக்காரர் பில் தரவில்லை. ‘மெமரி கார்டுக்கு கேரண்டி கிடையாது’ என்கிறார். (கிருஷ்ணகிரி)

பதில்: கர்னலை விடுங்கள். அந்த விலைக்கு 128 ஜிபி வராது. இத்தகைய போலிகளில் உள்ளே 8 அல்லது 16 ஜிபி சிப்தான் இருக்கும். கட்டுப்படுத்தும் சிப் மட்டும் 128 என்று பொய் சொல்லும். உண்மையான அளவு தீர்ந்த பிறகு எழுதுவதெல்லாம் தொலையும், அல்லது பழையதன் மேல் விழும். பல மாதம் ஒழுங்காக ஓடிய கார்டு, புதுப்பிப்பு வந்த அன்று இப்படித்தான் காலை வாரும்.

எனக்கும் நடந்தது. தருமபுரி பேருந்து நிலையத்தருகே பில் கேட்காமல் ஒரு கார்டு வாங்கினேன். என் அம்மாவின் கடைசிப் பொங்கல் படங்களை அதில் வைத்தேன். இன்று திறந்தால் பானையும் கரும்பும் தெரிகின்றன. கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். அம்மா உட்கார்ந்திருந்தது அந்தக் கீழ்ப்பாதியில்.

அதனால்தான் பில், பில் என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன். பில் இல்லாவிட்டால் அந்தக் கார்டு அந்தக் கடையில் வாங்கியது என்று நிரூபிப்பதே பெரும்பாடு. யூபிஐயில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள், அதுவும் சான்றுதான். கேரண்டி இல்லை என்ற பேச்சு போலிச் சரக்குக்குச் செல்லாது. இனி எந்தக் கார்டையும் காலியாக இருக்கும்போதே சோதியுங்கள். விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸில் ‘எஃப்3’. கார்டு நிரம்ப எழுதி, திரும்பப் படித்து, உண்மை அளவைச் சொல்லிவிடும்.

கேள்வி: புதுப்பிப்பு அரை மணி நேரமாக ஓடியது. பொறுக்காமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பலகை விற்றவர் மேல் வழக்குப் போடலாமா? (அரூர்)

பதில்: முடியாது. பிடுங்கியது நீங்கள். கார்டை லினக்ஸ் கணினியில் செருகி, கிடைக்கும் கோப்புகளை எடுங்கள். விண்டோஸ் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும், சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன். இணையத்தில் ‘புதியது’ என்று வாங்கிய பலகையின் சிப்பில் பழைய பசை ஒட்டியிருக்கிறது. ஏழு நாள் கடந்துவிட்டது, திரும்பப் பெற மாட்டோம் என்கிறார்கள். (ஓசூர்)

பதில்: தம்பி, ஏமாற்றியவர்கள் அவர்கள், நீ தயங்க வேண்டியதில்லை. பழையதைப் புதியது என்று விற்றவர், தன் ஏழு நாள் விதியைச் சொல்லித் தப்ப முடியாது. பசைத் தடத்தை வெளிச்சத்தில் படமெடு. பில், பெட்டி, உரையாடல் எதையும் அழிக்காதே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய், தமிழிலேயே பேசலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீ வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும் இந்த வாரமே தொடங்கு. மனுவைச் சரிபார்க்க வேண்டுமானால் எனக்கு அனுப்பு.