இங்கிலீஷ் புதுசா, கற்றல் குறைபாடா?

கேள்வி: கேரளாவில் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். மகன் 4-ஆம் வகுப்பு வரை தமிழ் மீடியம். இந்த வருஷம் 5-ஆம் வகுப்பை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம். கற்றல் குறைபாடு போலத் தெரிகிறது, ரெமிடியல் வகுப்பில் போடலாம் என்கிறார் டீச்சர். சம்மதிக்கலாமா?

பதில்: வகுப்புக்குச் சம்மதியுங்கள் அம்மா. 'குறைபாடு' என்பதற்கு மட்டும் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

இன்று சாயங்காலமே அவன் இதுவரை பார்க்காத, 4-ஆம் வகுப்பு அளவிலான தமிழ்ப் பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததைத் தன் வார்த்தையில் சொல்லட்டும். அப்புறம் நீங்கள் சொல்லச் சொல்ல அஞ்சு வரி எழுதட்டும். தமிழிலும் எழுத்துக்கூட்டித் திணறினால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம்) போன்றவை 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்ந்தவைதான். ஆனால் தமிழிலும் சோதிக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். தமிழ் சரளமாக வந்தால், பெரும்பாலும் விஷயம் இங்கிலீஷ் புதுசு என்பது மட்டும்தான்.

அவன் செய்யும் தப்புகளையும் பாருங்கள். இங்கிலீஷில் 'பஸ்' (bus) எழுதச் சொன்னால் 'பேப்பர்' (paper) எழுத்தான p-யில் ஆரம்பிக்கிறானா? தமிழில் 'பல்', 'தம்பி' இரண்டிலும் ஒலி வேறு, எழுத்து ஒன்றுதான். அந்தப் பழக்கம் இங்கிலீஷிலும் வருகிறது. உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதற்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது: மலையாளத்தில் அந்த வரிசைக்கு நாலு எழுத்து உண்டே! மலையாளம் படிப்பவன் என்றால் அதை வைத்தே இந்த வித்தியாசத்தைக் காட்டிவிடலாம்.

கணக்கிலும் இப்படித்தான். 'ஃபைவ் லெஸ் தன் ட்வெல்வ்' என்றால் வந்த வரிசையில் 5 - 12 என்று எழுதுவான். '12-ஐ விட 5 குறைவு' என்று சொல்லிப் பாருங்கள், உடனே 7 என்பான். கழித்தல் தெரிந்த பிள்ளையைக் கழித்தலுக்கு ரெமிடியலில் உட்கார வைத்து என்ன பிரயோஜனம்? அவனுக்கு வேண்டியது அந்த வாக்கியம்.

அதனால் அந்த வகுப்பில் என்ன நடக்கும் என்று டீச்சரிடம் கேளுங்கள். விட்ட பாடத்தையே மெதுவாக இன்னொரு தடவை நடத்துவது போதாது. நாளைய அறிவியல் பாடத்தில் வரும் ஏழெட்டுச் சொற்களை இன்றே தமிழில் விளக்கி, இங்கிலீஷில் சொல்ல வைத்து அனுப்பினால், மறுநாள் வகுப்பில் அவனும் கை தூக்குவான். பி.டி. பீரியடையும் தமிழ் பீரியடையும் இதற்காக எடுத்துக்கொள்ள விடாதீர்கள். வீட்டில் தமிழைக் குறைக்கவும் வேண்டாம். பொருள் புரிந்து வைத்திருந்தால்தான் அதற்கு இங்கிலீஷ் சொல் ஒட்டும்.

எவ்வளவு நாள் ஆகும்? கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், பேச்சு மொழிக்கு ஏறக்குறைய 2 வருஷம், பாட மொழிக்கு 5 முதல் 7 வருஷம் என்றார். அந்தப் பிள்ளைகளைச் சுற்றி நாள் முழுக்க இங்கிலீஷ். உங்கள் பையனுக்குப் பள்ளியில் மட்டும்தான். ஓணப் பரீட்சை மார்க்கை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். இப்போதைய நோட்டில் தேதி போட்டு எடுத்து வையுங்கள். கிறிஸ்துமஸ் பரீட்சை முடிந்ததும் புது நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தப்புகள் அசையாமல் அப்படியே இருந்தால், இரண்டையும் எடுத்துக்கொண்டு டீச்சரைப் போய்ப் பாருங்கள்.